படலத்தின் வயது

கத்தி முனை பட்டதும் குகைச் சுவரின் சுண்ணப் படலம் அமுங்கியது. அப்படி அமுங்கக் கூடாது.

எதுர்னே கையை இழுத்துக்கொண்டாள். படலத்துக்கு அடியில் ஒரு கை அச்சு. யாரோ பாறையில் உள்ளங்கையைப் பதித்து, வாயில் கரைத்த காவியை அதன்மேல் ஊதியது. படலத்தின் வயதைக் கணக்கிட்டு, நம் இனம் ஸ்பெயினின் இந்தக் கான்டாப்ரிய மலைகளுக்கு வருமுன்பே நியாண்டர்தால் மனிதர் வரைந்தது இது என்று அவள் எழுதினாள். தண்ணீர் அரித்த படலம் வயதைக் கூட்டிப் பொய் சொல்லும் என்று சக ஆய்வாளன் லெயாந்த்ரோ மறுத்து எழுதினான். அந்தச் சண்டையில் முதலில் நட்பு போயிற்று, பிறகு கோபமும் போயிற்று. இன்று இருவரும் சேர்ந்து மாதிரி எடுக்க வந்திருந்தார்கள். அவ்வளவுதான்.

"மெத்துனு இருக்கு," என்றாள்.

"ஈரம் தாயே, ஈரம்! இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினேனே!" லெயாந்த்ரோ கையுறையைக் கழற்றினான்.

"தொடாதே."

"ஏன், உன் நியாண்டர்தால் தாத்தா கடிச்சிடுவாரா?"

அச்சின் பக்கத்தில் வெறும் பாறைமேல் உள்ளங்கையை அழுத்தினான்.

வெளியே பெய்த மழையின் இரைச்சல் சட்டென்று அடங்க, யாரோ வெகுகாலம் மூடி வைத்திருந்த வாயைத் திறந்ததுபோல் பச்சை மண்ணும் எச்சிலும் கலந்த வாடை அவள் கழுத்தருகே வந்து நின்றது. பிறகு ஊதும் சத்தம். நீளமாக. அவன் புறங்கையில் சிவப்புத் தூறல்.

"எதுர்னே... கை வரல."

இழுத்தாள். வரவில்லை. வெள்ளையாக ஏதோ அவன் விரல்களை மூடியது. முழங்கையை. தோளை. இவ்வளவு படிய ஆயிரம் ஆண்டுகளாவது ஆகுமே என்று நினைத்தாள். பயப்பட வேண்டும் என்றும் நினைத்தாள். பயம் வரவில்லை. மரத்துப்போன ஈறுபோல மனம்.

விளக்கு அணைந்தது.

குகைக் காவலர் பிரௌலியோ டார்ச்சோடு வந்தார். "டாக்டர், அவர் எங்க?"

அவள் சுவரைக் காட்டினாள். பழைய கை அச்சுக்கு அருகில் இன்னொரு கை அச்சு. மணிக்கட்டில் அவன் கடிகாரத்தின் விளிம்பு. மேலே கனத்த படலம். பிரௌலியோ நகத்தால் தட்டிப் பார்த்தார். காய்ந்து இறுகிய கல்.

எதுர்னே காதை வைத்தாள்.

உள்ளே, வெகு ஆழத்தில், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.