நடுவில் விட்ட இடம்

பொம்மைக் காகங்களில் ஒன்று மட்டும் காற்றுக்கு முகம் காட்டாமல் நின்றது.

மற்றவையெல்லாம் வைத்தது வைத்தபடிதான் இருந்தன. பார்லி முளைத்துப் பச்சை பிடித்திருந்த மேட்டு வயலில், நிஜக் காகங்களை ஈர்க்க டெக்லன் தன் கையால் குச்சிகளில் செருகி நிறுத்திய காகங்கள் எல்லாம் மேற்கே பார்த்து, ஈரக்காற்று நெஞ்சில் மோத நின்றன. காற்றுக்கு முதுகைக் காட்டி எந்தக் காகமும் நிற்காது, இறகு கலைந்துபோகும். அது தெரியாதவன் வைத்த பொம்மையை உயரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டு ஊரைக் கூட்டிக் கத்தும். இந்த ஒன்று மட்டும் வடக்கே திரும்பி, வேலியோரம் முள்மரத்தடியில் வலையும் கிளையும் போட்டுக் கட்டியிருந்த மறைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் கழுத்தைப் பிடித்துத் திருப்பி வைத்தான். யார் வேலை இது என்றுதான் முதலில் நினைத்தான். கொஞ்ச நாளாக எதைப் பார்த்தாலும் அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அதற்குக் காரணம் இருந்தது.

அந்தச் சதுப்பு நாட்டில் காகம் சுடத் தனியாக யாரும் போவதில்லை. இரண்டு பேர் மறைப்புக்குள் போவார்கள். ஒருவர் உள்ளே தங்கிவிட, மற்றவர் வெளியே வந்து, காகங்கள் பார்க்கும்படி வயலைக் கடந்து நடந்து போய்விடுவார். மரத்து உச்சியில் இருக்கும் காவல் காகம், ஆள் போய்விட்டான் என்று நிம்மதியாகிக் கூட்டத்தை இறக்கிவிடும். "காக்காய்க்கு எல்லாம் தெரியும் மாப்ள, கழித்தல் கணக்கு மட்டும் வராது" என்று ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்போடு சொல்வான் கீரன். டெக்லனின் மனைவி ஊனாவுக்கு அண்ணன் அவன். பொம்மைகளை அரைவட்டமாக லாடம் போல நிறுத்தி நடுவில் இடம் விடுவதில் கீரனை அடித்துக்கொள்ள ஆளில்லை. "வர்றவனுக்கு அங்க தனக்குன்னு ஒரு இடம் இருக்கணும். அவ்வளவுதான் சூட்சுமம்" என்பான். சுட்டு விழுந்த காகத்தையும் வீணாக்க மாட்டான். தாடைக்கடியில் கவட்டைக் குச்சியைக் கொடுத்துத் தலையைத் தூக்கி நிறுத்திவிடுவான். பொம்மையைவிடச் செத்ததைத்தான் உயிருள்ளது நம்பும் என்பது அவன் கட்சி.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்திலிருந்து திரும்பியதும் இருவரும் வந்தார்கள். வெளியே நடக்கும் முறை கீரனுடையது. தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி வேலியோரம் அவன் போனதை டெக்லன் வலை இடுக்கு வழியாகப் பார்த்தான். வாய்க்கால் திருப்பத்தில் மறைந்தான். அவ்வளவுதான். வீட்டுக்கும் வரவில்லை, மதுக்கடைக்கும் போகவில்லை, எங்குமே இல்லை.

சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டு ப்ரைடி தன் சமையலறை ஜன்னலிலிருந்து இரண்டு பேர் மறைப்புக்குள் போவதைப் பார்த்திருக்கிறாள். அடுப்பில் ரொட்டியைப் பார்க்கப் போய்விட்டாள். பொழுது சாயும்போது மறுபடி எட்டிப் பார்த்தால் ஒருவன் மட்டும் வெளியே வருகிறான். பார்த்ததைப் பார்த்தபடி போலீசிடம் சொன்னாள். அவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் டெக்லனுக்கு வயிற்றெரிச்சல். மேட்டு வயல் ஊனாவின் அப்பாவிடமிருந்து டெக்லன் கைக்கு வந்தது; அதைத் திருப்பிக் கேட்டுக் கீரன் சந்தை வாசலில் அவன் சட்டையைப் பிடித்ததை ஊரே பார்த்திருந்தது. பிறகு என்ன வேண்டும்? போலீசார் அவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். வயல் மூலையைத் தோண்டினார்கள். நாய்களோடு சதுப்பை அலசினார்கள். வழக்கமாக அங்கே ஒருவன் காணாமல் போனால் "இங்கிலாந்துக்குப் போயிருப்பான்" என்று ஊர் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடும். தபால்காரர் ஜெரோம் பையோடு மாயமானபோதுகூட அப்படித்தான் சொன்னார்கள். கீரனுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஊரை விடு. ஊனா இப்போது வேறு அறையில் படுக்கிறாள். ராத்திரி அவள் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பொம்மைகளை அள்ளிக்கொண்டு போகத்தான் இன்று வந்திருந்தான். சாக்கு எடுக்க மறைப்புக்குள் குனிந்து நுழைந்தான். தூறலில் எல்லாம் நனைந்து சொதசொதவென்று கிடந்தது. வலை, கிளை, அவன் உட்காரும் பலகை எல்லாம் ஈரம். கீரன் கவிழ்த்துப்போட்டு உட்காரும் வாளி மட்டும் காய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தான். இளஞ்சூடாக இருந்தது.

வெளியே வந்தபோது, அவன் திருப்பி வைத்த காகம் மறுபடி மறைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டில் ஊனா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கண்ணன் உயிரோடதான் இருக்கான்" என்றான் டெக்லன், காலணியைக்கூடக் கழற்றாமல். "வாளி சுடுது ஊனா. இப்பதான் எந்திரிச்சுப் போன மாதிரி. எங்கயோ ஒளிஞ்சுகிட்டு நாடகம் ஆடுறான். என்னை மாட்டிவிட்டுட்டு வயலைப் புடுங்கப் பாக்குறான்."

அவள் கத்தியை நிறுத்தவில்லை. பலகையில் அது இறங்கும் சத்தம் மட்டும் பலமானது.

"செத்தவன் மேல பழி போடாத."

"செத்துட்டான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதையேதான் நான் உன்கிட்ட கேக்கலாம்னு இருக்கேன்."

 டெக்லன் தொப்பியைக் கையில் பிசைந்தான்.

"என்கூட மறைப்பு வரைக்கும் வா. உள்ள வந்துட்டு நீ மட்டும் வெளிய போயிரு. பாத்துக்கிட்டிருக்கிறவன் காலியாயிருச்சுன்னு நினைப்பான். அவன் வந்து உக்காரட்டும். கையும் களவுமா புடிச்சு உன் முன்னாடி நிறுத்துறேன். அதுக்கப்புறமாவது அந்தத் தாழ்ப்பாளைப் போடாம இரு."

ஊனா அப்போதுதான் நிமிர்ந்தாள். "அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் போனீங்க. இன்னைக்கு நாம ரெண்டு பேரும் போகணுமா?"

 அவள் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தாள்.

"ப்ரைடி, நான் டெக்லனோட மேட்டு வயலுக்குப் போறேன். ஜன்னலை விட்டு நகராத. ரொட்டி கருகுனா கருகட்டும்."

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் வந்தாளே என்று தேற்றிக்கொண்டான்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சதுப்பிலிருந்து மூடுபனி தரையோடு தரையாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மறைப்புக்குள் ஊனா குனிந்து வந்ததும் வாளியில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அவள் முகம் மெல்ல இளகியதை டெக்லன் பார்த்தான்.

"அவன் புகையிலை வாசனை வருது" என்றாள் மெதுவாக. "ஆமா, அவனேதான்."

"நான்தான் சொன்னேனே."

"நான் வயல் கேட்டுப் பக்கத்துல நிக்கிறேன். அவன் வந்தா ஒரு சத்தம் போடு, ஓடி வந்துர்றேன்." போகும்போது அவன் சட்டைக் கையை ஒரு நொடி பிடித்துவிட்டுப் போனாள். இத்தனை நாளில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

வயலைக் கடந்து, இரும்புக் கேட்டுப் பக்கம் அவள் போவதை இடுக்கு வழியாகப் பார்த்தான். மூடுபனி அவளை முழங்காலிலிருந்து மேல்நோக்கி விழுங்கியது.

காத்திருந்தான். முள்மரத்தில் சேர்ந்திருந்த ஈரம் சொட்டுச் சொட்டாக வலையில் விழுந்து, வலையிலிருந்து அவன் பிடரியில் இறங்கியது. தூரத்தில் குட்டியைத் தேடி ஒரு ஆடு கத்தியது, நின்றது, மறுபடி கத்தியது. கூட்டுக்குத் திரும்ப வேண்டிய காகங்கள் அன்று ஏனோ வயலுக்கு மேலே வராமல், பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு சதுப்பின் அந்தக் கரை வழியாகப் போயின. புகையிலை வாசனை வந்தது. அதற்கடியில் வேறொரு வாசனையும் இருந்தது. நனைந்த இறகு. ஆட்டு மடியில் நாள்பட்டுக் கெட்டுப்போன பால். எங்கிருந்து வருகிறது என்று மூக்கை உயர்த்தினான். பக்கத்திலிருந்துதான் வந்தது. வாளி இருந்த பக்கம்.

அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கிழட்டு நாய் போல நடுங்காதே என்று தன்னையே திட்டிக்கொண்டான். இடது கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. விட்டு விட்டுப் பட்டது. வேலியோரத்தில் ஏது வெதுவெதுப்பான காற்று?

இரண்டு பேர் உள்ளே போய், ஒருவர் வெளியே போனால், மிச்சம் ஒருவர். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. உள்ளே முன்பே யாராவது இருந்திருந்தால்?

அந்த நினைப்பு முடிவதற்குள் வயலில் கீரனைப் பார்த்தான்.

பொம்மைகளுக்கு நடுவே, மூடுபனியில் இடுப்பு வரை மூழ்கி, அதே பச்சைக் கோட்டு, அதே சாய்ந்த தொப்பி. மறைப்பைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். டெக்லனுக்கு நெஞ்சுக்குள் அடைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் அழுகை வந்தது. வலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"டேய் மச்சான்! படுபாவி! உன்னால என் குடும்பமே நாசமாப் போச்சுடா!"

கீரன் சிரிக்கவில்லை. கையைத் தூக்கவில்லை. முளைப் பயிரை மிதித்துக்கொண்டு டெக்லன் கிட்டே போனான். சகதி காலணியை இழுத்தது.

"வா, உன் தங்கச்சி கேட்டுப் பக்கத்துலதான் நிக்கிறா. அவகிட்ட வந்து..."

தொப்பிக்கடியில் கண் இருந்த இடங்கள் காலியாக இருந்தன. குட்டி ஆடுகளிடம் காகங்கள் முதலில் எடுப்பதை அங்கேயும் எடுத்திருந்தன. தாடைக்கடியில் ஒரு கவட்டைக் குச்சி. தோல் சீவிய, புதுக் குச்சி. அது கீரனின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

டெக்லன் பின்வாங்கினான். இரண்டு எட்டு. பக்கத்தில் இன்னொருவர். நைந்துபோன தபால் பை தோளில் தொங்கியது. அவருக்கும் குச்சி. அவருக்கு அப்பால், மூடுபனிக்குள், இன்னொரு தொப்பி. இன்னொன்று. எல்லோரும் வடக்கே பார்த்து நின்றார்கள். அரைவட்டமாக. நடுவில் இடம் விட்டு.

அந்த இடத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

வடக்கிலிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று. மூச்சு விடுவது போல வந்தது, நின்றது, வந்தது. அந்தப் பக்கம் திரும்பினான். மறைப்பிலிருந்து. பொம்மைக் காகம் தவறாக நிற்கவில்லை. காற்றைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறது.

ஓடு. கால் நகரவில்லை. கத்து. தாடைக்கடியில் ஜில்லென்று ஏதோ வந்து பொருந்தியது. சீவிய மரத்தின் வாசனை. தலை மெல்ல மேலே எழுந்தது. அவன் தூக்கவில்லை. தொண்டையில் சத்தம் அங்கேயே நசுங்கியது. யாரோ பொறுமையாக, வேலை தெரிந்த கையால், அவன் தோளை ஒரு விரற்கடை திருப்பிச் சரிசெய்தார்கள்.

பின்னால், தொலைவில், இரும்புக் கேட்டு கிறீச்சிட்டது.

"டெக்லன்?"

வராதே.

"டெக்லன், பக்கத்துல யாரு... ஐயோ, அது அண்ணன் கோட்டுதானே! கீரன்! கிடைச்சுட்டியா!"

வராதே ஊனா. வராதே.

"என்னை மன்னிச்சிரு டெக்லன், நான் உன்னைப் போயி..." அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். ஓடி வரும் காலடி கேட்டது. சகதியில் தப்புத் தப்பென்று. கல்யாணமான புதிதில் அவனைப் பார்த்து ஓடி வந்த அதே ஓட்டம்.

அவனால் திரும்ப முடியவில்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்க்க முடிந்தது. அவனுக்கும் கீரனுக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு, இடம் விட்டிருந்தது.

எதிரே மறைப்பின் கிளைகள் ஓசையில்லாமல் விலகின.