வீடியோ மாமாவின் இடது கால்

மிளகாய் என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. அவளுடைய கோபத்தைப் பார்த்து நடன வகுப்பே சேர்ந்து வைத்த பெயர். அந்தச் சனிக்கிழமை மாலை, வைத்த பெயருக்கு அவள் நன்றாகவே நியாயம் செய்துகொண்டிருந்தாள்.

டயர் கடைக்கு மேல் மாடியில் அவள் அம்மா ஸ்விங் நடனம் சொல்லித்தருகிறார். ஜோடி ஜோடியாகத் துள்ளி ஆடும் ஆட்டம். ஒருவர் கையால் வழிகாட்டுவார். மற்றவர் அதைப் புரிந்துகொண்டு கூடவே ஆடுவார். அலுவலக வேலையை விட்டுவிட்டு அம்மா தொடங்கிய வகுப்பு. சொந்தக்காரர்கள் இன்னும், "அது சரி, வேலைக்கு எங்க போற?" என்றுதான் கேட்கிறார்கள்.

பன்னிரண்டு பேரில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். இன்னும் ஒருவர் போனாலும் வாடகை தேறாது, மாடியைக் கராத்தேக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

எல்லாம் வீடியோ மாமாவால். செல்போனில் வீடியோ பார்த்துப் பாதி நடனம் கற்றவர். மீதிப் பாதியைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை ஜோடி மாறும். அதனால் அவர் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தார்.

"வலது கால்மா, வலது கால். இதுகூடத் தெரியாதா?" என்றார் தையல்கார அத்தையிடம்.

அத்தை கையை விடுவித்துக்கொண்டார். மூலைக்குப் போய், ஷூவைக் கழற்றிப் பையில் வைத்தார்.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க?" என்று மிளகாய் கேட்டாள்.

"நாள் முழுக்க மெஷின் மிதிக்கிற காலு, கண்ணு. அதுக்கு மெஷின்தான் சரி."

மிளகாயின் காது சிவந்தது. நேராக அம்மாவிடம் போனாள்.

"அவரை வெளியே அனுப்பும்மா."

"அவரும் கத்துக்க வந்தவர்தான்டி. ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டேன்."

"மூணாவது தடவை நான் சொல்றேன்."

"கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன்."

சொல்லிவிட்டாள். இப்போது அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மாமா முன்னால் போய் நின்றாள்.

"மாமா, என்கூட ஆடுறீங்களா? நான் வழிகாட்டுறேன்."

"நீயா? சரி, வா. தப்பு பண்ணா சொல்றேன்."

"சொல்லுங்க."

வழிகாட்டுபவர் இடது காலில் தொடங்குவார். கூட ஆடுபவர் வலது காலில். மாமா இதுவரை வழிகாட்டியே பழகியவர். பாட்டு தொடங்கியதும் அவருடைய இடது கால் கடமை தவறாமல் கிளம்பி, மிளகாயின் கட்டைவிரல் மேல் இறங்கியது.

மறுபடி ஆடினார்கள். அதே கால், அதே விரல். மூன்றாவது முறை, வகுப்பே ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

'இதுகூடத் தெரியாதா?' மிளகாயின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள். கூட ஆடுபவர் தடுமாறினால், வழிகாட்டுபவர் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட வேண்டும். முதல் நாளே அம்மா சொன்ன விதி அது.

"மாமா, என் கை சரியா சொல்லலையா?" என்று கேட்டாள். கோபம் குரலில் இருந்தது, வார்த்தையில் இல்லை.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "உன் கை சரியாதான் சொல்லுச்சு. கால்தான்..." என்று குனிந்து பார்த்தார். இடது கால், யார் வீட்டுக் காலோ என்பதுபோல் நின்றது.

மெல்ல மூலையில் இருந்த அத்தையிடம் போனார். "ஏம்மா, இது இவ்வளவு கஷ்டமா? நீங்க எப்படி ஆடுறீங்கன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

அத்தை பையிலிருந்து ஒரே ஒரு ஷூவை எடுத்தார்.

"முதல்ல பேசாம ஆடுங்க. பாட்டு காதுல விழட்டும்."

"சரிம்மா."

அத்தை இன்னொரு ஷூவையும் எடுத்தார்.

"கோபம் போயிடுச்சா?" என்று அம்மா கேட்டார்.

"பாதி போச்சு," என்றாள் மிளகாய், காலைத் தூக்கிப் பிடித்து ஊதிக்கொண்டே. "மீதி கட்டைவிரல்ல இருக்கு."