கை நடுங்குதுங்களா?

போன சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவிலேயே மாரியாத்தாள் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தாள். "இனி நான் போடமாட்டேன்!" என்று கத்திவிட்டு, அழுதுகொண்டே விடுதிக்குள் ஓடிவிட்டாள்.

தலைமையாசிரியை அதை மாடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"இன்னொரு தடவை மைதானத்தில் அழுகையோ சண்டையோ வந்தால், பேஸ்பால் மட்டை என் அலமாரிக்குள் போய்விடும். பழையபடி எல்லோரும் கோலாட்டம் ஆடலாம்" என்றார்.

கோலாட்டம் நல்லதுதான். ஆனால் அதில் காற்று கிழிய ஓட முடியாதே!

ஞானாபரணம் டீச்சர் சென்னையில் பயிற்சி முடித்துத் திரும்பியபோது கொண்டுவந்த ஆட்டம் அது. கோயமுத்தூரில் தங்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது என்று பிள்ளைகளுக்குப் பெருமை. மைதானத்தின் நான்கு மூலைகளிலும் மில்லின் கழிவுப் பஞ்சு அடைத்த சாக்குகள் கிடக்கும். மாரியாத்தாள் பந்து போட, எதிரணிப் பெண் அடித்துவிட்டுச் சாக்குச் சாக்காகச் சுற்றி ஓட வேண்டும். மூன்று தடவை மட்டையை வீசியும் பந்து படாவிட்டால் அவள் அவுட். ஆனால் நான்கு பந்து தாறுமாறாகப் போனால், அவள் ஓடவே வேண்டாம். முதல் சாக்குக்கு நடந்தே போகலாம்.

போன வாரம் நிறையப் பேர் நடந்தார்கள். எல்லாம் பாப்பாயியின் வாயால் வந்தது.

விடுதிப் பிள்ளைகள் ஓர் அணி. ஊருக்குள்ளிருந்து வருகிறவர்கள் இன்னோர் அணி. பாப்பாயி ஊர் அணி. அவள் யாரையும் திட்ட மாட்டாள். வெகு மரியாதையாகக் கேட்பாள்.

"ஏனுங்க அம்மணி, கை நடுங்குதுங்களா?"

திட்டினால் திருப்பித் திட்டலாம். மரியாதையாகக் கேட்பவளை என்ன செய்வது? மாரியாத்தாளுக்குக் காது சூடாகும். கை நிஜமாகவே நடுங்கும். பந்து எங்கேயோ போகும்.

"காதுல பஞ்சு வெச்சுக்க புள்ள" என்றாள் அமலி. பந்து பிடிக்கிறவள் அவள்தான், மாரியின் உயிர்த்தோழி.

புதன்கிழமை பயிற்சியில் வைத்துப் பார்த்தார்கள். பாப்பாயியின் குரல் கேட்கவில்லை. டீச்சரின் விசிலும் கேட்கவில்லை. எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போன பிறகும் மாரியாத்தாள் பந்து போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு பந்து தண்ணீர்ப் பானையை உடைத்தது.

சனிக்கிழமை வந்தது. மாடியில் தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாரியாத்தாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தை எடுத்தாள். முதல் பந்து விலகிப் போனது. இரண்டாவது பந்து அமலியின் தலைக்கு மேலே போனது.

"ஏனுங்க அம்மணி," என்று ஓரத்திலிருந்து பாப்பாயி ஆரம்பித்தாள், "கை நடுங்குதுங்களா?"

மாரியாத்தாள் பல்லைக் கடித்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். நடுங்கத்தான் செய்தது. உள்ளதைத்தானே கேட்கிறாள்? வீட்டில் யாராவது மரியாதையாகக் கேட்டால், மரியாதையாகப் பதில் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

"ஆமாங்க. சித்த நடுங்குதுங்க."

பாப்பாயி திகைத்துப்போனாள். "அப்ப... சுக்குக் காப்பி வெச்சுக் குடுக்கட்டுங்களா?"

"குடுங்க. ஆட்டம் முடிஞ்சதும் குடிக்கறனுங்க."

இரண்டு அணிகளும் சிரித்தன. நடுக்கம் நின்றுவிடவில்லை. ஆனால் அதை மறைக்கிற வேலை இப்போது இல்லை. மாரியாத்தாள் அமலியின் கைகளை மட்டும் பார்த்துப் பந்தைப் போட்டாள். அது நேராகப் போய் 'பட்' என்று விழுந்தது.

அதன்பிறகு கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. "கால் வலிக்குதுங்களா?" "வலிக்குதுங்க." "தோத்துப்போயிருவீங்களா?" "போனாலும் போவமுங்க." பந்து மட்டும் நேராகவே போனது.

கடைசியில் விடுதி அணி ஓர் ஓட்டம் முன்னால் இருந்தது. ஊர் அணியில் இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. மட்டையோடு வந்தவள் பாப்பாயி.

மட்டையின் நுனி ஆடியது.

"இப்ப நீ கேளு புள்ள!" என்றாள் அமலி. மாரியாத்தாள் வாயைத் திறக்கவில்லை. விடுதி அணியே சேர்ந்து கேட்டது.

"ஏனுங்க பாப்பாயிங்க, மட்டை ஆடுதுங்களா?"

பாப்பாயியின் முகம் சிவந்தது. கண் நிறைந்தது. மட்டையை வீசி எறியக் கையை ஓங்கினாள். மாரியாத்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம் தானும் இப்படித்தான் நின்றோம் என்று தோன்றியது.

"பாப்பாயி!" என்று கூப்பிட்டாள். "பதில் சொல்லிப்போடு. சித்த லேசாகும்."

பாப்பாயி மூக்கை உறிஞ்சினாள். மெல்ல மட்டையை இறக்கினாள்.

"ஆமாங்க. ஆடுதுங்க."

பிறகு காலை ஊன்றி நின்றாள்.

மாரியாத்தாள் இரக்கப்பட்டு மெதுவாகப் போடவில்லை. முழு வேகத்தில் போட்டாள். பாப்பாயியும் முழு பலத்தோடு அடித்தாள். பந்து நேரே மேலே, வேப்பமர உயரத்துக்குப் போனது. மாரியாத்தாள் அதன் அடியில் போய் நின்றாள். கை நடுங்கியது.

"ஆமாங்க, ஆமாங்க" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

பந்து கைக்குள் வந்து விழுந்தது. அவள் விடவில்லை.

விடுதி அணி கூத்தாடிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை படியிறங்கி வந்தார். பாப்பாயியின் கையிலிருந்து மட்டையை வாங்கினார். கூத்து நின்றது. அலமாரிக்குத்தான் போகிறதோ?

அவர் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"எனக்கும் ஒரு பந்து போடு, மாரியாத்தாள்."

பாப்பாயிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏனுங்க டீச்சர், கை நடுங்குதுங்களா?"

தலைமையாசிரியை மட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார்.