கடைசியாக ஏறியவள்

"வீ...ல்!"

தோணியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல்!

மேல்தளத்தில் நின்ற ஞானதாஸ் சிரித்துக்கொண்டான்.

சென்னைத் துறைமுகம். 1946. தூத்துக்குடி உப்பை இறக்கிவிட்டுப் பாய்மரத் தோணிகள் வரிசையாக நின்றன. பக்கத்துத் தோணியில் பலகை இடுக்குகளுக்குப் பஞ்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுத்தியல் இரைச்சலில் அலறல் அமுங்கிப்போனது.

இந்தத் தோணியில் இன்று எலிக்குப் புகை! அடித்தட்டில் கந்தகத்தைக் கொளுத்தி மூடியை அடைத்துவிடுவார்கள். ஓர் எலிகூடப் பிழைக்காது.

ஆலிஸும் பிழைக்கமாட்டாள்!

சாந்தோம் வாத்தியார் ஞானதாஸுக்கு மனைவி ஆலிஸ் அலுத்துவிட்டாள். அவளுடைய தோழி மர்சலின் இனித்தாள். கத்தோலிக்கனுக்கு ஏது விவாகரத்து? மனைவி செத்தால்தான் மறுமணம்.

"தோணி பார்க்கப் போலாம்" என்று இருவரையும் டிராமில் அழைத்து வந்திருந்தான். மர்சலின் ஆலிஸைக் கீழே கூட்டிப்போய்க் கயிற்றறையில் தள்ளித் தாழிட வேண்டும். தான் மட்டும் ஏறி வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

இதோ... வந்துவிட்டாள்!

இருவரும் கட்டியிருந்த மாதா சபை நீலப்புடவை. அடித்தட்டு நாற்றத்துக்கு மூக்குவரை இழுத்த முக்காடு.

"முடிஞ்சுதா?"

தலை மட்டும் ஆடியது.

தோணியை ஓட்டும் தண்டல் ஆரோக்கியநாதன் அப்போதுதான் கரையிலிருந்து ஏறி வந்தார்.

"அடித்தட்டுலேருந்து கடைசியா ஏறுனது ஆருய்யா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"அவுக கையாலதான் தீ வைக்கணும். உள்ள ஆளு இல்லன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டு! எங்க வழக்கம்."

முக்காடு நடுங்கியபடி ஞானதாஸைச் சுட்டிக் காட்டியது.

பயந்துவிட்டாள், பாவம்!

"நான்தான் கடைசி" என்றான் கம்பீரமாக. "உள்ளே யாருமில்லை. மாதா மேல சத்தியம்!"

தீக்குச்சியைக் கந்தகச் சட்டியில் போட்டான். தண்டல் மூடியை இறுக்கி, ஈரச் சாக்குகளைப் போர்த்திவிட்டுக் கரைக்கு இறங்கினார்.

"மர்சலின்! இனிமே நீதான் என் பெண்டாட்டி!"

முக்காடு விலகியது.

ஆலிஸ்!!

"இருட்டுல அவ கை நடுங்கிச்சு. ஏன்டின்னு கேட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டா. தாழ் போட்டது நான்."

அவன் காலடியில் பலகை அதிர்ந்தது. தட்டுகிறாள்... மர்சலின் தட்டுகிறாள்!

"திறங்கன்னு கத்துங்க" என்றாள் ஆலிஸ். "அவ பிழைச்சுப்பா. உங்களைத்தான் போலீஸ்ல மாட்டிவிடுவா. கத்துங்க!"

ஞானதாஸ் வாயைத் திறந்தான்.

மூடினான்.

அதிர்வு குறைந்தது.

"ஒரே வார்த்தைங்க..."

அவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

அதிர்வு நின்றது.

"அவளுக்காகக்கூட வாய் திறக்கலியே!" ஆலிஸ் அழுதாள். நிஜமாகவே அழுதாள். பிறகு கரையைப் பார்த்துக் கூவினாள்.

"தண்டலண்ணே! ஓடியாங்க! மர்சலினைக் காணோம்!"

மூடியைத் திறந்து, புகை கலைந்து, கயிற்றறைத் தாழை நீக்கியபோது நீலப்புடவை அசையவில்லை.

"இவதான்! இவதான் கடைசியா ஏறினா!" ஞானதாஸ் கத்தினான். இப்போது நன்றாகவே கத்தினான்.

தண்டல் காறித் துப்பினார். "நான்தான் கடைசின்னு சொன்னது நீரு. சத்தியம் பண்ணுனது நீரு. தீ வச்சதும் நீருதானய்யா!"

துறைமுகக் கான்ஸ்டபிள் வடிவேலு விலங்கை மாட்டினார்.

"இன்னா வாத்யாரே, இப்டி நடுங்கிக்கினு கீற? பயப்படாத! ஜெயில்ல பொகையெல்லாம் போட மாட்டாங்கோ... வெறும் கவுறுதான்!"