ஐந்து வரிக்கு ஒரு ஃபைல்

'யானை மூளை' விளையாட்டில் நான் எழுபதாவது கட்டத்தைத் தாண்டினேன். அதற்குப் பரிசாக என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இது என்ன நியாயம்? முழுவதும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் லாரஸ். சலாத்திகா ஊரில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. அதில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை. பெரிய வலிப்பு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் சில சமயம் பேசிக்கொண்டே இருக்கும்போது அரை நிமிடம் அப்படியே வெறித்துப் பார்ப்பேனாம். அந்த அரை நிமிடத்தில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. அது போக, சற்று முன் கேட்ட விஷயங்கள் கூட அடிக்கடி நழுவிவிடும்.

நழுவினால் என்ன? அதற்காகத்தான் நோட்டு வைத்திருந்தேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும். பாவாடைப் பையில் அடங்கிவிடும். வீட்டுப்பாடம், கடையில் வாங்க வேண்டிய சாமான், யாரிடம் என்ன பேனா கடன் வாங்கினேன் என்பது வரை அதில் இருக்கும். கடைசிப் பக்கங்கள் மாத்திரைக்கு. விழுங்கியவுடன் ஒரு டிக் போட்டுவிடுவேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சிகித் மாமா வந்தார். அவர் அம்மாவின் தம்பி. செல்போன் கடையில் வேலை பார்க்கிறார். புதிதாக ஏதாவது விளையாட்டு வந்தால் உலகத்தில் முதலில் அவருக்குத்தான் தெரியும் என்று நினைப்பு. ஒரு பழைய போனில் 'யானை மூளை'யை ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கவிழ்த்து வைத்த அட்டைகள் வரும். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். குரங்குக்கு ஜோடிக் குரங்கு எங்கே, மயிலுக்கு ஜோடி மயில் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜெயித்தால் ஒரு யானை பிளிறும்.

மாமா அம்மாவிடம் அடித்துச் சொன்னார். "தினம் அரை மணி நேரம் விளையாடட்டும்க்கா. மூணே மாசம். அப்புறம் இவ எதையுமே மறக்க மாட்டா. மூளைக்கு இது உடற்பயிற்சி மாதிரி."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. விளையாட விளையாட வேகம் கூடியது. பன்னிரண்டாவது கட்டத்தில் மாமாவை முந்தினேன். அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. கண் வலிக்கிறது என்று சொல்லி நழுவினார். நான் மூன்று மாதத்தில் எழுபதைத் தாண்டினேன்.

மாமா சும்மா இருப்பாரா? தெருவெல்லாம் போனைக் காட்டினார். மதிப்பெண் அட்டை வாங்கும் நாளில் அம்மாவுக்கு விடுப்பு கிடைக்காததால் மாமாதான் பள்ளிக்கு வந்தார். அங்கே எர்னா டீச்சரிடமும் காட்டினார். வினை அங்கேதான் தொடங்கியது.

எர்னா டீச்சர் கெட்டவர் இல்லை. பின்னக் கணக்கு புரியவில்லை என்றால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோயாவில் செய்த தெம்பேத் துண்டை நாலாக வெட்டிக் காட்டுவார். ஆனால் அன்று அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பையில் துருத்திக்கொண்டிருந்த நோட்டைப் பார்த்தார்.

"எழுபது கட்டம் ஞாபகம் வச்சுக்கிற பொண்ணுக்கு நோட்டு எதுக்கு?" என்றார். "ஊன்றுகோலை விட்டாத்தான் கால் பலமாகும். குடு இங்க."

நோட்டு அவருடைய மேசை டிராயருக்குள் போனது. மாமா பெருமையாகத் தலையாட்டினார். வீட்டில் அம்மாவிடம் சொன்னால், டீச்சர் செய்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்றார். என் தலைக்குள் என்ன நடக்கிறது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை கணக்கு வீட்டுப்பாடத்தை மறந்தேன். புதன்கிழமை வண்ணக் காகிதம் கொண்டுவர மறந்தேன். எர்னா டீச்சர் என்னை எழுப்பி நிற்க வைத்தார்.

"எந்தக் குரங்கு எங்க இருக்குன்னு அத்தனையும் தெரியுது. ஒரு காகிதம் ஞாபகம் இருக்காதா? இது மறதி இல்ல லாரஸ், சோம்பேறித்தனம்."

வகுப்பே சிரித்தது. என் காது சூடாகிவிட்டது. ஏதாவது பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமைதான் உண்மையிலேயே மோசமானது. மாலை ஐந்து மணி. அம்மா தையல் ஆலையில் இருந்தார். மாத்திரை அட்டை என் கையில் இருந்தது. மேசை மேல் பாதி குடித்த தண்ணீர் டம்ளர் இருந்தது. மாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தேனா, அல்லது வெறும் தண்ணீர்தான் குடித்தேனா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

போடாமல் விட்டால் வலிப்பு வரலாம். இரண்டு முறை போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நோட்டு இருந்தால் ஒரு நொடி வேலை. அது எர்னா டீச்சரின் டிராயரில் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு போன் செய்தேன்.

அம்மா ஆலைச் சீருடையோடு ஓடி வந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார். காலையில் அவரே எடுத்துக் கொடுத்ததற்குப் பிறகு எதுவும் குறையவில்லை. நான் போட்டிருக்கவில்லை. ஒரு மாத்திரையை என் கையில் வைத்து, நான் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். என்னைத் திட்டவில்லை. அவர் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

பிறகு இருவரும் சேர்ந்து துமி அக்கா கடைக்குப் போனோம். எங்கள் சந்து முனையில் இருக்கும் பெட்டிக்கடை அது. அம்மா மனம் தாங்காமல் நடந்ததைச் சொன்னார். மூன்று மாதமாக மூளை விளையாட்டு விளையாடியும் இப்படியா என்று கேட்டார்.

துமி அக்கா முட்டையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார். "விளையாட்டைப் பத்தி எனக்குத் தெரியாது. இவ கடைக்கு வர்றது தெரியும். கையில நோட்டு இருந்தா ஒரு தடவை வருவா. வீட்டுல மறந்து வச்சிட்டு வந்தா, உப்பை விட்டுட்டுப் போயி ரெண்டாவது தடவை வருவா. போன வருஷமும் அப்படித்தான். இந்த வாரமும் அப்படித்தான். நடுவுல யானை வந்து ஒண்ணும் மாத்தல."

நான் அங்கேயே குதித்தேன். யாரும் யோசிக்காததை முட்டை சுற்றுகிற துமி அக்கா கவனித்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவைப் பிடித்தேன். "மாமா, தினமும் பந்து உதைச்சா என்ன வரும்?"

"நல்லா பந்து உதைக்க வரும்."

"நீச்சல் வருமா?"

"அது எப்படி வரும்?" என்றவர் பாதியில் நிறுத்தித் தலையைச் சொறிந்தார். "அப்போ அந்த எழுபது கட்டம்?"

"அது எழுபது கட்டம், அவ்வளவுதான். எனக்குக் குரங்கு தேட வரும். வீட்டுப்பாடம் குரங்கு இல்லையே."

பிற்பாடு டாக்டரும் ஏறக்குறைய இதையே சொன்னார். ஆசைக்கு விளையாடலாம், பழகுகிற வேலையில் கை தேறும், ஆனால் அது அன்றாட மறதியைப் போக்கிவிடும் என்று நம்பி எழுதி வைப்பதை விடக் கூடாது என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கு வந்து பேசுவதாக அம்மா சொன்னார். எனக்கு அதுவரை பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமையே எர்னா டீச்சரிடம் போய், மாத்திரைப் பக்கங்களை மட்டுமாவது கிழித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். மாத்திரையை அம்மா பார்த்துக்கொள்வார், இன்னும் ஒரு வாரம் முயற்சி செய் என்றார். அதோடு விடவில்லை. திங்கள்தோறும் நடக்கும் கொடியேற்றத்தை இந்த வாரம் நடத்துவது எங்கள் வகுப்பு. தலைமையாசிரியரிடம் சிவப்பு ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை எனக்குத் தந்தார்.

"இதுல நீ எதையும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். கொண்டு போய்க் குடுத்துட்டு, பக்கத்துல நின்னா போதும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை. முந்நூறு பேர் வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பாவாடையும் கால்சட்டையுமாக வெயிலில் வரிசையாக நின்றோம். கொடி ஏறியது. நான் ஃபைலோடு நடந்துபோய்த் தலைமையாசிரியர் ஹர்யோனோ சாரிடம் நீட்டினேன். அதற்குள் எங்கள் நாட்டின் ஐந்து கொள்கைகள் எழுதிய தாள் இருக்கும். அவர் ஒவ்வொரு வரியாகப் படிப்பார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். ஐந்தே வரி. பால்வாடிப் பிள்ளைகள் கூடச் சொல்வார்கள்.

சார் ஃபைலைத் திறந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் தெரிந்தது. உள்ளே தாள் இல்லை.

சார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியைச் சொன்னார். இரண்டாவதையும் சொன்னார். மூன்றாவதையும் சொன்னார். நாலாவது வரிதான் இருப்பதிலேயே நீளமானது. சார் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. மைக் மட்டும் 'உய்ங்' என்றது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம், நன்றாக வேண்டும், பெரியவர்களும் கொஞ்சம் நின்று பார்க்கட்டும் என்று தோன்றியது. பிறகு சாரின் காதைப் பார்த்தேன். அது சிவந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்கும்போது ஒரு சொல் காணாமல் போனால் எப்படி இருக்கும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்? ஐந்து வருடமாக ஒவ்வொரு திங்களும் சொல்லிச் சொல்லி அந்த வரி எனக்குள் ஊறியிருந்தது. உதட்டை அசைக்காமல் முதல் இரண்டு சொற்களை மெல்லச் சொன்னேன்.

சார் அதைப் பிடித்துக்கொண்டு கணீரென்று முழு வரியையும் சொல்லிவிட்டார். முந்நூறு பேரும் திருப்பிச் சொன்னோம். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

கொடியேற்றம் முடிந்ததும் சார் என்னையும் எர்னா டீச்சரையும் தம் அறைக்குக் கூப்பிட்டார். டீச்சர் தம் கைப்பையைத் திறந்தார். உள்ளே அந்தத் தாள் புது பிளாஸ்டிக் உறையோடு பளபளவென்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை உறை போடக் குடுத்து வாங்கினேன் சார். திரும்ப ஃபைல்ல வைக்க மறந்துட்டேன்," என்றார். அவர் முகம் வாடியிருந்தது.

"பரவாயில்ல டீச்சர். உங்களுக்கு ஆயிரம் வேலை. மறதி யாருக்குத்தான் வராது?" என்றார் சார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அப்போ நான் மறந்தா மட்டும் ஏன் சார் அது சோம்பேறித்தனம்?"

யானை, எழுபது கட்டம், டிராயர், மாத்திரை, அரை டம்ளர் தண்ணீர், துமி அக்கா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். மாத்திரைப் பகுதி வந்தபோது எர்னா டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியாகச் சாரிடம் கேட்டேன். "அந்த அஞ்சு வரியை எத்தனை வருஷமா படிக்கிறீங்க சார்?"

"முப்பத்தோரு வருஷமா."

"அப்போ ஃபைல் எதுக்கு சார்?"

சார் கையிலிருந்த ஃபைலை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். "அத்தனை பேர் முன்னால ஒரு சொல்லு கூடத் தப்பிடக் கூடாதேன்னுதான்."

"எனக்கும் அதுக்குத்தான் சார் நோட்டு. உங்களுக்கு அஞ்சு வரி. எனக்கு ஒரு நாள் முழுக்க."

எர்னா டீச்சர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் என் நோட்டு இருந்தது. என் முன்னால் குனிந்து அதை நீட்டினார்.

"உன்னைச் சோம்பேறின்னு சொன்னது என் தப்பு லாரஸ். இனிமே இந்த நோட்டை யாரும் உங்கிட்ட இருந்து வாங்க மாட்டாங்க."

நான் நோட்டை வாங்கினேன். சார் மேசையிலிருந்த பேனாவை எடுத்தேன். நின்றபடியே எழுத ஆரம்பித்தேன்.

"என்ன எழுதுற?" என்று டீச்சர் கேட்டார்.

"நீங்க இப்போ சொன்னதைத்தான் டீச்சர். நானும் மறந்துடுவேன், நீங்களும் மறந்துடுவீங்க."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார். நான் நோட்டை டீச்சர் பக்கம் திருப்பி, கீழே கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். நான் கேட்காமலே தேதியும் எழுதினார்.