குறை எண் ஒன்பது

வெள்ளாற்றுமேட்டு முகாமின் குறை எண் அன்று காலையும் ஒன்பதிலேயே நின்றது. தொடர்ந்து இருபத்தேழாவது நாள். இன்னும் மூன்று நாள் இப்படியே நின்றால் முகாமுக்குத் தன்னிறைவுச் சான்று கிடைத்துவிடும். சான்று வந்த மறுநாளே நிவாரண வண்டிகள் நின்றுவிடும்.

மங்கையர்க்கரசி அந்த எண்ணை மூன்றாவது முறையாகப் பார்த்துப் பூரித்துப்போனாள். பூரிக்காமல் என்ன செய்வாள்? குறைமானி அவள் பெற்று வளர்த்த பிள்ளை ஆயிற்றே.

கடல் ஏறிவந்து கரையூர்களை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியபோது, பெயர்வுநல மன்றம் என்றொரு அமைப்பு உண்டானது. வீடிழந்து வந்தவர்களுக்கு நிவாரணம் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தது உதவுகிறதா என்று பார்த்து மதிப்பிடுவது அதன் கண்காணிப்புப் பிரிவின் வேலை. நூற்று நாற்பது கேள்விகள் கொண்ட படிவத்தைத் தூக்கிக்கொண்டு மங்கை எட்டு வருடம் முகாம் முகாமாக அலைந்தாள். நேற்று எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் ரோஷக்காரன் மூன்று என்பான், விவரமானவன் ஒன்று என்பான், பாவப்பட்டவன் உங்களுக்கு எது சௌகரியமோ அதை எழுதிக்கொள்ளுங்கள் என்பான். அந்தப் படிவத்தை நம்பி அரிசி அனுப்பிய கொடுமையைப் பார்த்துப் பார்த்து வெறுத்துத்தான் குறைமானியை அவள் உருவாக்கினாள்.

கட்டைவிரல் அகலத்தில் ஒரு நீலப் பட்டை. மணிக்கட்டில் கட்டிவிட்டால் போதும், கேள்வியே கிடையாது. வயிற்றின் பசியை ரத்தத்திலிருந்தும், உறக்கத்தையும் பயத்தையும் நாடியிலிருந்தும் படித்து, நூற்றுக்கு இத்தனை குறை என்று சொல்லிவிடும். பட்டை கட்டியவர்களின் சராசரிதான் அந்த இடத்தின் குறை எண். எண்ணைப் பார்த்துப் பங்கீட்டுப் பொறி வாரந்தோறும் தானோடி வண்டிகளை அனுப்பும். கிடங்குகளில் சரக்குக்குப் பஞ்சமில்லை. யாருக்குப் போகவேண்டும் என்பதில்தான் அதுவரை பஞ்சாயத்து.

பொறிக்கான விதிகளையும் மங்கையே எழுதினாள். அமைச்சரின் மச்சானே வந்தாலும் சிபாரிசு செல்லாது. எந்த இடத்தில் நாற்பது பட்டைகள் ஒன்றாகத் துடித்தாலும் அது ஒரு குடியிருப்பு, காகிதத்துக்குக் காத்திராமல் வண்டி கிளம்பும். எண் எதற்குப் பயன்படுகிறது என்று பட்டை கட்டியவர்களுக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் நடிப்பார்கள். மூன்றிலும் அவளுக்கு அசாத்தியப் பெருமை.

சான்றுக்கு முன்னால் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது வழக்கம். அதற்காகத்தான் அன்று கிளம்பினாள். வண்டியின் பின்னால் அறுபது உபரிப் பட்டைகள் ஒரு பெட்டியில் கிடந்தன.

முகாமில் இரண்டாயிரத்து முந்நூறு குடும்பங்கள். எல்லாம் சின்னாங்குப்பத்து மீனவர்கள், கடல் போனபின் நூறு மைல் தள்ளி மேட்டுநிலத்தில் வந்து இறங்கியவர்கள். அவர்களில் நாற்பது வீடுகளைக் குலுக்கல்முறையில் தேர்ந்தெடுத்து, வீட்டுக்கு ஒருவர் கையில் மூன்று மாதத்துக்கு முன் பட்டை கட்டியிருந்தார்கள். அப்போது குறை எண் எழுபத்தொன்று, வாரத்துக்குப் பத்து வண்டி. எண் இறங்க இறங்க வண்டியும் குறைந்து, இப்போது ஒன்றே ஒன்று.

மாதிரி வீடுகளில் இருபத்து மூன்றாவது காத்தாயியின் வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும், முகாம் கமிட்டியின் தலைவி. மங்கையைக் கண்டதும் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"வாங்க மேடம். என்ன, சொல்லாம கொள்ளாம? ஒக்காருங்க, ஒரு வாய் சாப்புட்டுத்தான் போவணும்."

சட்டியில் ஏரி மீன் குழம்பு கொதித்தது. பக்கத்தில் அவியல், வறுவல், ஒரு பானைச் சோறு. ஒற்றை வண்டி அரிசியில் இத்தனை பேரும் இப்படிச் சாப்பிடுகிறார்களா? மங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் கண் போனபோது அங்கே நீர்த்த கஞ்சி மட்டும் இருந்தது. அதற்கடுத்த வீட்டில் அதுவும் இல்லை. அந்த வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து, காத்தாயியின் திண்ணைப் பலகையில் வைத்துவிட்டுச் சிரித்தபடி போனாள். அடுத்தடுத்து இன்னும் நாலு பேர் வந்து கிண்ணம் வைத்துவிட்டுப் போனார்கள்.

"அக்கா, இதெல்லாம் என்ன?"

"ஊரு முறைதான் மேடம். நாப்பது வீட்டுல பட்டை கட்டிருக்கீங்க. சின்னாங்குப்பம் எப்புடி இருக்குதுன்னு எங்க கையத்தானே பாக்குறீங்க? ஊரு பேரு எங்க நாப்பது பேரு மேல நிக்கிது. அதான் ஆளுக்கு ஒரு கரண்டின்னு எல்லா வீட்டுலயும் எடுத்து இந்த நாப்பது வீட்டுக்குக் குடுக்குறாங்க. அங்க குப்பத்துலயும் அப்புடித்தான். ஊருக்கு விருந்தாளி வந்தா எவன் வீட்டுல தங்கினாலும் மீனு ஊரு மீனு. வந்தவன் போயி, அந்த ஊரான் பட்டினின்னு சொல்லிறக் கூடாதுல்ல?"

மங்கையின் எட்டு வருடக் கள அனுபவம், முப்பது பக்க முறையியல் அறிக்கை, எல்லாவற்றையும் ஒரு கரண்டிக் குழம்பு கவிழ்த்துவிட்டிருந்தது.

"அக்கா, எண் முப்பது நாள் பத்துக்குக் கீழயே நின்னா வண்டி நின்னுரும். இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

காத்தாயியின் கை கரண்டியோடு நின்றது. "நிக்கிதா? கொறஞ்சா நல்ல மார்க்குன்னுல்ல நெனச்சோம்! வண்டி கொறையக் கொறைய, மத்த ஊருக்கு அதிகமா வேணும்போலன்னு விட்டுட்டோம். ஏரியில வலை போட அனுமதி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வருது. இப்ப புள்ளைங்க தூண்டில்ல புடிக்கிறதுதான் இந்தக் கொழம்பு. ஏன் மேடம், இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

சொல்லக்கூடாது என்று எழுதியவளே மங்கைதான்.

நேராக வண்டிக்குப் போய் அறுபது உபரிப் பட்டைகளையும் எடுத்து வந்தாள். கிண்ணம் கொடுத்து அனுப்பிய அறுபது வீடுகளில் அவற்றைக் கட்டினாள். கஞ்சி குடிப்பவர்களின் உடம்பு பொய் சொல்லாது. எண் ஐம்பதைத் தாண்டும், சான்று தள்ளிப்போகும் என்று நம்பிக் காத்திருந்தாள்.

வந்தது அதே ஒன்பது. மதியம் பெண்கள் மறுபடி கிண்ணம் ஏந்திக் கிளம்பியதும் அது ஏழாக இறங்கியது.

பட்டை பழுதோ என்று பத்தைக் கழற்றிச் சோதித்தாள். ஒன்றும் பழுதில்லை. பசி அளவு சரியாகவே காட்டியது, வயிறு காலிதான். ஆனால் மொத்தக் கணக்கில் வயிற்றுக்கு ஒரு பங்கு, உறக்கத்துக்கு இரண்டு பங்கு, பயத்துக்கு ஏழு பங்கு என்று மங்கை வைத்திருந்தாள். இந்த ஜனங்களுக்கு நாளையைப் பற்றிய பயமே இல்லை. நான் விழுந்தால் பக்கத்து வீட்டுக் கிண்ணம் வரும் என்பது அவர்கள் நாடிக்குத் தெரிந்திருந்தது. அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் குழந்தையைப்போலத் தூங்கினாள்.

"மூணு நாள் மட்டும் யாரும் யாருக்கும் குடுக்காம இருங்கக்கா. எண் ஏறிடும்," என்று கெஞ்சினாள்.

காத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்து வூட்டப் பாக்காம கதவச் சாத்திக்கிட்டுத் திங்கணுமா? வூடு போச்சு, படகு போச்சு, கடலே போச்சு மேடம். இது ஒண்ணத்தான் கையில கொண்டாந்தோம். இதையும் வுட்டுட்டு அரிசி வாங்கவா?"

மங்கைக்குக் கோபமும் வந்தது, கண்ணும் கலங்கியது. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் வேலை பார்க்கிறோம் என்ற பெருமிதமும் கூடவே வந்தது. அறுபது பட்டைகளையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக்கொண்டு திருச்சிக்குப் புறப்பட்டாள்.

மன்றத்தின் தலைமையகத்தில் இயக்குநர் தில்லைநாதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நம்புறேன் மங்கை. ஆனா பொறிகிட்ட யார் சொல்றது? சிபாரிசு செல்லாதுன்னு எழுதினது நீங்கதானே?"

"சிபாரிசு வேண்டாம் சார். இந்த எண் பசியை அளக்கலைன்னு நிரூபிச்சாப் போதும், கணக்கை மாத்த மன்றக் குழு ஒத்துக்கும். ஒரு சோதனை. நம்ம ஆபீஸ்ல அறுபது பேர் பட்டை கட்டிக்கட்டும். குளிர்சாதனம் இருக்கு, கேன்டீன்ல பிரியாணி இருக்கு. பசி இல்லாத இடத்துல எண் என்ன வருதுன்னு பாப்போம்."

பட்டை கட்டினார்கள். எண்பத்து மூன்று வந்தது.

பதவி உயர்வுப் பட்டியல் அந்த வாரம் வெளிவர இருந்தது. இடமாற்றல் வதந்தி ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் தூக்க மாத்திரை போடுபவர்கள். மீதிப் பேர், பக்கத்து மேசைக்காரர் தன்னைப் பற்றி மேலே என்ன சொல்லியிருப்பார் என்று விடிய விடிய விழித்திருப்பவர்கள். பிரியாணி தின்ற வயிறு நிறைந்திருந்தது, பயம் மட்டும் எகிறிக்கிடந்தது. தில்லைநாதனின் தனி எண் எண்பத்தொன்பது.

மங்கை மறந்துபோன ஒன்றைப் பொறி மறக்கவில்லை. நாற்பது பட்டைகள் ஒன்றாகத் துடித்தால் அது ஒரு குடியிருப்பு. மறுநாள் காலை பதினாலு தானோடி வண்டிகள் வரிசையாகத் தலைமையக வாசலில் வந்து நின்று அரிசி, பருப்பு, எண்ணெய், பால்மாவு, தார்ப்பாய், கொசுவலை என்று மூட்டை மூட்டையாக இறக்கத் தொடங்கின. காவலாளி கையை நீட்டித் தடுத்துப் பார்த்தார். அவருக்கும் ஒரு கொசுவலை கிடைத்தது.

"மானம் போச்சு," என்றார் தில்லைநாதன். "திருப்பி அனுப்புங்க."

"பொறி திருப்பி எடுக்காது சார். இறங்கின சரக்கு வாங்கினவங்களுக்குச் சொந்தம். அதை யாருக்குக் குடுத்தாலும் கேள்வி கிடையாது. அதுவும் நான் எழுதின விதிதான்." மூன்று நாளில் முதல்முறையாக மங்கை சிரித்தாள்.

முப்பதாவது நாள், வெள்ளாற்றுமேட்டுக்குத் தன்னிறைவுச் சான்று போய்ச் சேர்ந்த அதே காலையில், தலைமையக ஊழியர்கள் அறுபது பேரும் சொந்த வண்டிகளில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு முகாமுக்கு வந்து இறங்கினார்கள். கணக்குப் பிரிவுக்காரர் பால்மாவுப் பெட்டியைத் தலையில் சுமந்தார். தில்லைநாதன் தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மன்றக் குழு கணக்கை மாற்ற ஒத்துக்கொண்டது, ஆனால் மாற்றி முடிக்க இரண்டு மாதம் ஆகும் என்றது. அதுவரைக்கும் வாராவாரம் இந்தச் சுமைதான்.

காத்தாயி அவர்கள் மணிக்கட்டுகளைப் பார்த்தாள். அறுபது நீலப் பட்டைகள்.

"ஒங்க ஆபீசு நம்பரு எவ்வளவு மேடம்?"

மங்கை சொன்னாள்.

"எண்பத்து மூணா!" காத்தாயி வாயில் கைவைத்தாள். "ஐயோ பாவம், எங்கள விட மோசமால்ல இருக்கீங்க." திரும்பி முகாமைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், பட்டை கட்டுனவங்க அறுபது பேரு வந்துருக்காங்கடி! வூட்டுக்கு ஒரு கிண்ணம்!"

அதிகாரிகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். யார் யாருக்கு எந்த மேசை என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை. ஒருவர் இலையில் மீன் தீர்ந்தால் பக்கத்து இலையிலிருந்து ஒரு துண்டு வந்தது. சுமந்த களைப்பில் சிலர் வேப்பமரத்தடியில் அப்படியே தூங்கிப்போனார்கள்.

மாலையில் மங்கை திரையைப் பார்த்தாள். பெயர்வுநல மன்றத் தலைமையகத்தின் குறை எண் ஒன்பது. முப்பது நாள் கணக்கில் முதல் நாள் தொடங்கியிருந்தது.

"சார், இப்படியே போனா நமக்கும் தன்னிறைவுச் சான்று வந்துரும். வண்டி நின்னுரும்."

தில்லைநாதன் மீன் முள்ளை நிதானமாக எடுத்து இலையோரம் வைத்தார். அவருடைய நாடி அத்தனை அமைதியாகத் துடித்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

"கவலைப்படாதீங்க மங்கை. திங்கட்கிழமை போயி எல்லாருக்கும் ஒரு மெமோ அடிக்கிறேன். ஒரே நாள்ல எண்பதுக்கு ஏறிடும்."

சொன்னபடி அடித்தார். முப்பது வருட உத்தியோகத்தில் அவர் எழுதிய மெமோக்களில் ஓர் ஊருக்கே சோறு போட்டது அது ஒன்றுதான்.