கையூட்டுக் கல்

நாளெல்லாம் மண் சுமந்து களைத்தவன், கூலி வாங்கக்கூட எழுந்து போக மனமில்லாமல், கிடைத்த இடத்தில் கையையும் காலையும் நீட்டிப் படுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, வாசக அன்பர்களே? அன்று மாலை கொள்ளிடப் பேராறு அப்படித்தான் கரைக்குக் கரை நீண்டு கிடந்தது. மேற்கே மூங்கில் புதர்களுக்குள் இறங்கிவிட்ட கதிரவன் மறந்துவிட்டுப் போன செம்மை நீரின் மேல் இன்னும் மிதந்துகொண்டிருக்க, கிழக்கே நாணற் பூக்களின் வெண்மைக்கு நடுவிலிருந்து நிறைமதி தலை தூக்கி, அந்தச் செம்மையை ஒவ்வொரு அலையாகத் தன் வெள்ளியால் துடைத்தெடுத்துக்கொண்டிருந்தது. அந்த இரு நிறங்களுக்கும் நடுவே சிறு படகொன்று நல்லேரிமங்கலத்துத் துறையை நோக்கி ஊர்ந்தது.

படகைத் தள்ளியவள் கொற்றி என்னும் ஓடக்காரி. எதிரே, முரட்டுச் சேலையால் முகத்தை மறைத்து, மடியில் முல்லைக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள் ஒரு பூக்காரி. பூக்காரி என்று கோட்டைக் காவலர்கள் நம்பினார்கள். நாம் நம்ப வேண்டியதில்லை. அவள் தென்கரை நாட்டை ஆளும் குன்றவேள் கண்டன் மாறரின் ஒரே தங்கை, வரகுணை.

"தேவி, கூடையைப் பிடித்திருக்கிற அழகைப் பார்த்தால் பூ வாங்க வருகிறவன் பயந்து ஓடிவிடுவான்" என்றாள் கொற்றி. "மகுடம் வைத்திருக்கிறதா அதில்? கொஞ்சம் கழுத்தைத் தளர விடுங்கள்."

"வாயை மூடிக்கொண்டு கோலை ஊன்று கொற்றி!"

"மூடிக்கொள்கிறேன். கல்யாணப் பெண் அழுதுகொண்டே ஆற்றைக் கடப்பதை என் வாழ்நாளில் இன்றுதான் பார்க்கிறேன். அதைக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்."

வரகுணைக்கே விளங்காத ஒன்றை எப்படிச் சொல்லுவாள்? அன்று நண்பகல்தான் அவள் தமையனார் முகமெல்லாம் சிரிப்பாக அந்தப்புர முற்றத்துக்கு வந்தார். "தங்காய், போதும் உன் வாட்டம்! அந்த மயிந்தனுக்கே உன்னைக் கொடுக்கிறேன்" என்றார். சில ஆண்டுகளாக அவள் நெஞ்சுக்குள் பாரமாய் அழுத்திய கல்லை அண்ணன் ஒரு வார்த்தையில் புரட்டித் தள்ளிவிட்டார். அவர் காலில் விழுந்து எழுந்தபோது அவள் கண்களில் நீர் நின்றது. அப்போதுதான் அவர், பந்தலுக்கு எத்தனை வாழை வேண்டும் என்று சொல்கிற அதே குரலில், "நாளைக்கு அவன் எனக்கு ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பொய்கூடச் சொல்ல வேண்டாம்" என்றார்.

அது என்ன தீர்ப்பு என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லேரிமங்கலத்தின் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வாரியத்தாரை ஆண்டுதோறும் குடவோலையால் தேர்ந்தெடுப்பது அவ்வூர் வழக்கம். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஊரார் அனைவரும் பார்த்திருக்க, எழுத்தறியாத ஒரு குழந்தையைக் கொண்டு எடுக்கச் செய்வார்கள். எடுத்த ஓலையை ஊர் மத்தியஸ்தர், ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா? அதற்காக ஏற்பட்ட விதி. சென்ற ஆண்டு வாரியத்தார் வரகுணையின் தமையனாரான வேளாரின் புதுக் குடியிருப்புக்கு ரகசியமாக ஒரு வாய்க்காலை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். அதனால் தண்ணீர் எட்டாமல் கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்தன. இந்த ஆண்டு குடத்திலிருந்து வந்த பெயர்களோ பெரும்பாலும் கடைமடைக்காரர்களுடையவை. அந்த வாய்க்காலை அடைப்பதுதான் அவர்களுடைய முதல் வேலையாக இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். குடவோலை செல்லாது என்று நியாயத்தார் சொல்லிவிட்டால், பழைய வாரியமே இன்னும் ஓராண்டு நீடிக்கும்.

முதல் நியாயத்தாரான கிரமவித்தரிடம்தான் வேளார் முதலில் கேட்டார். "வந்த ஓலை வந்ததுதான்" என்றார் கிழவர். மறுநாளே அவருக்கு உடல்நலமில்லை என்று செய்தி பரவியது. அவர் வீட்டு வாசலில் வேல் பிடித்த இருவர் அவருடைய உடல்நலத்தைக் காவல் காத்தார்கள். தலைமை ஆசனம் நியாயத்தாரில் இளையவனான மயிந்தனுக்கு வந்தது. ஆசனத்தோடு வரகுணையும்.

துறையில் காவலன் ஒருவன் வழி மறித்தான். "கூடையில் என்ன?"

"கண் தெரியவில்லையா? பூ! உன் பெண்டாட்டிக்கு ஒரு முழம் வாங்கிப் போயேன், அவள் உன்னைக் கண்டதும் நெஞ்சு நின்று போகட்டும்" என்றாள் கொற்றி. காவலன் சிரித்தான், வழி கிடைத்தது.

படித்துறையின் கடைசிப் படியில் மயிந்தன் தனியே நின்று நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெலிந்த உருவம், இடுப்பில் வாளில்லை, நிலவில் பார்க்கும்போது இன்னும் மெலிந்து தெரிந்தான். "பூ வேண்டுமா ஐயா?" என்ற குரலைக் கேட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"தேவியா! இங்கே எப்படி?"

"ஒரு வழக்கு இருக்கிறது. நியாயத்தாரிடம் சொல்ல வந்தேன். என்னை விலைக்கு வாங்கிவிட்டீர்களா?"

அவன் முகம் கறுத்தது. "இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. நாளை வரை தவணை கேட்டிருக்கிறேன்."

"மறுக்கவுமில்லை."

"மறுக்கவுமில்லை" என்று ஒப்புக்கொண்டான் அவன். "கேளுங்கள். மத்தியஸ்தர் சோலையாருக்குச் சுண்டுவிரல் நிமிராது. முன்பொரு வெள்ளத்தில் மதகுப் பலகைக்கு அடியில் சிக்கி மடங்கிப்போன விரல் அது. ஐந்து விரலும் விரிய வேண்டும் என்கிறது விதி. அவர் கையில் விரிந்தது நாலு. நான் பொய் சொல்லத் தேவையில்லை. விதியைப் படித்தால் போதும்."

"ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விரல்தானே? இத்தனை ஆண்டும் யாராவது அதைக் குற்றம் சொன்னார்களா?"

"இல்லை."

"நான் விலையாக இல்லாவிட்டால் நீங்கள் சொல்லியிருப்பீர்களா?"

ஆறு சலசலத்தது. அவன் பார்வை மீண்டும் நீருக்குத் திரும்பியது.

வரகுணைக்கு அந்தப் பழைய நாள் நினைவுக்கு வந்தது. தாய்வழித் தோப்பொன்றுக்கு அவளும் ஒரு வாணியனும் உரிமை கோரிய வழக்கில், மற்ற நியாயத்தார் அவள் பல்லக்கைக் கண்டதுமே எழுந்து நின்றபோது, இந்த மெலிந்த மனிதன் மட்டும் உட்கார்ந்தபடியே எல்லைக் கற்களைப் பற்றிக் கேட்டான். கடைசியில், "தோப்பு தேவியாருடையது அன்று" என்றான். கோட்டைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு நெருப்பாய் எரிந்தது. அந்தி வருவதற்குள் என்னவோ அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து தன்னிடம் இல்லை என்று சொல்லத் தெரிந்த ஒரே மனிதனை அன்றுதான் அவள் பார்த்திருந்தாள். அந்த நாள் முதல் வேறு யாரையும் அவள் கண் பார்க்கவில்லை.

"நாளைக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?"

"எனக்கே தெரியவில்லை, தேவி" என்றான் மயிந்தன். "உங்களிடம் பொய் சொல்ல எனக்கு வராது. உங்களை நினைத்தால் ஒன்று தோன்றுகிறது. அந்த வயல்களை நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. ஆசனத்தில் ஏறி வாயைத் திறக்கும்போதுதான் எனக்குத் தெரியும்."

அவள் கூடையிலிருந்த பூவை அப்படியே ஆற்றில் கொட்டிவிட்டுப் படகுக்குத் திரும்பினாள். கொற்றி கோலை ஊன்றினாள்.

மறுநாள் காலை, கோயில் முன்மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. ஏரிக்கரைச் சேறு காயாத கால்களோடு கடைமடைக்காரர்கள் ஒரு பக்கம். வேளாரின் ஆட்கள் ஒரு பக்கம். தூண்களின் பின்னே பெண்கள். வேளார் பட்டுத் திண்டில் சாய்ந்திருந்தார். நியாயத்தாரின் ஆசனங்களுக்கு முன்னே முழ உயரத்தில் தட்டையான கருங்கல் ஒன்று கிடந்தது. வழக்கு நடக்கும் நாளில் எந்த நியாயத்தாருக்கு யார் எதை அனுப்பியிருந்தாலும் தீர்ப்புக்கு முன் அதைக் கொண்டுவந்து எல்லாரும் பார்க்க அந்தக் கல்லின் மேல் வைத்துவிட வேண்டும். வைத்தது கோயிலுக்குப் போய்விடும். பெயர் வேறு என்னவோ இருந்தது. ஊரார் கூச்சமில்லாமல் அதைக் கையூட்டுக் கல் என்றே அழைத்தார்கள்.

மற்றொரு நியாயத்தாரான திருவடிப் பட்டர் பெருமூச்சோடு ஒரு வாழைத்தாரைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தார். "யார் வாசலில் வைத்தார்களோ, தெரியாது. நல்ல பூவன். இரண்டை மட்டும் பிய்த்துக்கொண்டு வைக்கலாமே என்றாள் வீட்டுக்காரி. பிய்க்கவில்லை, எண்ணிப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம்."

மண்டபம் சிரித்தது. மயிந்தன் சிரிக்கவில்லை. அவன் எதையும் கொண்டுவந்து வைக்கவுமில்லை.

வேளாரின் வழக்குரைப்போன் எழுந்து விதியைப் படித்தான். மத்தியஸ்தர் சோலையாரைக் கையை நீட்டச் சொன்னார்கள். காய்த்துப்போன அந்தக் கையை அவர் எல்லாரும் பார்க்க உயர்த்திப் பிடித்தார். நாலு விரல் விரிந்தது, ஒன்று கொக்கி போல் வளைந்து நின்றது. "ஏரியைப் பிடித்து நிறுத்திய கை இது, ஐயா. இந்த விரலை நிமிர்த்தச் சொன்னால் நான் நிமிர்த்த மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் கேட்க மாட்டேன் என்கிறது. சோழச் சக்கரவர்த்தியே வந்து சொன்னாலும் கேட்காது!"

கடைமடைக்காரர்கள் ஆரவாரித்தார்கள். வேளார் கையை உயர்த்தினார், அமைதியாயிற்று. எல்லாக் கண்களும் தலைமை ஆசனத்துக்குத் திரும்பின.

மயிந்தன் எழுந்தான். உதட்டை நனைத்துக்கொண்டான். "விதியில் கண்டிருப்பது..." என்று தொடங்கினான்.

அப்போது தூணின் பின்னாலிருந்து முரட்டுச் சேலைக்காரி ஒருத்தி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். "நியாயத்தாரே, பொறுங்கள். கல்லில் வைக்க வேண்டிய பொருள் ஒன்று பாக்கியிருக்கிறது."

"யாரம்மா நீ? சீக்கிரம் வைத்துவிட்டுப் போ" என்றார் பட்டர்.

அவள் வாழைத்தாரை ஓரமாக நகர்த்தினாள். கல்லின் மேல் தானே ஏறி நின்றாள். முகத்திரையை விலக்கினாள்.

"இந்தத் தீர்ப்புக்காக நியாயத்தார் மயிந்தருக்கு அனுப்பப்பட்ட கையூட்டு நான்தான்" என்றாள் வரகுணை. "வைத்துவிட்டேன்."

வேளார் திண்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இறங்கு வரகுணை! பைத்தியமா உனக்கு? நம் குலத்தின் மானம்..."

"அண்ணா, நேற்று நண்பகல் என்னை இவருக்குத் தருவதாகச் சொன்னீர்கள். இந்தத் தீர்ப்புக்காகச் சொன்னீர்களா, இல்லையா?"

வேளார் வாயைத் திறந்தார். எதிரே கருவறை தெரிந்தது. ஆயிரம் பேரை வெட்டிய அந்த மனிதரால் அந்த ஒரு பொய்யைச் சொல்ல முடியவில்லை. "உன் சந்தோஷத்துக்காகத்தானே, அம்மா" என்றார்.

"தெரியும் அண்ணா. அதனால்தான் உங்கள் மேல் கோபமே வரவில்லை எனக்கு."

மயிந்தன் ஆசனத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கினான். "கையூட்டு வந்தது என்று இந்தச் சபைக்கு நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இனி என் வாயிலிருந்து எந்தத் தீர்ப்பு வந்தாலும் அது அழுக்குத்தான். கிரமவித்தரை அழைத்து வாருங்கள்."

"அழைக்க வேண்டாம்! பட்டரே, நீர் ஏறும் தலைமை ஆசனத்தில்!" என்று முழங்கினார் வேளார்.

பட்டர் ஆசனத்தைப் பார்த்தார், பிறகு கல்லின் மேல் நின்றவளைப் பார்த்தார். "வேளாரே, நான் பயந்தவன். என் வீட்டுப் பூனைக்கும் பயப்படுவேன். ஆனால் அந்த ஆசனத்தில் ஏறிவிட்டு இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. நான் ஏற மாட்டேன். வேறு யாரை ஏற்றினாலும் சரி, நாளை விடிந்தால் இந்த நாட்டில் நியாயத்தார் ஒருவர்கூட ஆசனத்தில் இருக்க மாட்டோம். நீங்களே உட்கார்ந்து வரப்புத் தகராற்றையும் மாட்டுத் தகராற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்."

வேளார் கூட்டத்தைப் பார்த்தார். தம்முடைய ஆட்களே தலையைக் குனிந்து நிற்பதைக் கண்டார். கல்லின் மேல் நின்ற தங்கையைக் கண்டார். பிறகு வாசலில் நின்ற வேல்காரனுக்குத் தலையசைத்தார்.

கிரமவித்தர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். "எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு மிகவும் வருந்தினேன். இப்போது தேவலை" என்றபடி ஆசனத்தில் அமர்ந்தார். சோலையாரின் கையைத் தம் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "கைக்குள் எதையும் ஒளிக்கக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. இந்தக் கை எதையும் ஒளிக்கவில்லை என்பதை ஊரே பார்த்தது. குடவோலை செல்லும். புது வாரியத்தார் இன்றே ஏரிக்குப் போகலாம்."

ஆரவாரம் கூரையைத் தொட்டது. கடைமடைக்காரர்கள் மண்வெட்டிகளோடு கிளம்பினார்கள். சந்தடி ஓய்ந்தபோது கல்லின் மேல் வரகுணை நின்றபடியே இருந்தாள். அண்ணன் வந்து கை நீட்டினார். அவள் இறங்கவில்லை.

"இதில் வைத்தது கோயிலுக்குச் சேர வேண்டும் அல்லவா?" என்றாள்.

திருவடிப் பட்டர் பரபரப்போடு குறுக்கே வந்தார். "ஒரு வழி இருக்கிறதம்மா! நியாயத்தாருக்கு வந்த பொருள்தான் கோயிலுக்கு. மயிந்தர்தான் ஆசனத்தை விட்டு இறங்கிவிட்டாரே! இப்போது அவர் நியாயத்தார் இல்லை. எழுத்துப்படி பார்த்தால் தடையே இல்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே..."

கூட்டத்தில் பலர் ஆமாம் ஆமாம் என்றார்கள். வேளாரின் முகத்திலும் ஆசை தெரிந்தது. மயிந்தனின் கண்கள் அவளைவிட்டு அகலவில்லை.

"பட்டரே, உங்கள் மனம் எனக்குத் தெரிகிறது" என்றாள் வரகுணை. "ஆனால் எழுத்துப்படி பார்ப்பது எப்படியிருக்கும் என்பதைத்தான் காலையிலிருந்து பார்த்தோமே. எனக்கு வேண்டாம். கோயில் நந்தவனத்துக்கு ஆள் வேண்டியிருக்கும். பூக்கூடை சுமக்க நேற்றுத்தான் பழகிக்கொண்டேன்."

அவள் இறங்கிக் கருவறையை நோக்கி நடந்தபோது மயிந்தன் இரண்டடி பின்தொடர்ந்தான். "தேவி! ஒன்றே ஒன்று. நான் அந்த வாக்கியத்தை எப்படி முடித்திருப்பேன் என்று கேட்க மாட்டீர்களா?"

வரகுணை நின்றாள். திரும்பவில்லை. சந்நிதி விளக்கின் மேல் வலக்கையை நீட்டினாள்.

"இந்தச் சுடர் மேல் ஆணை. என் ஆயுள் உள்ளவரை அதை உங்களிடம் கேட்க மாட்டேன்" என்றாள். "கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள்."